தண்ணீருக்குள் கத்தரிக்கோல்

மீன் தொட்டிக்குள் வளரும் செடிக்குத் தலை வெட்டி, உரம் கொடுப்பது என் தொழில். இதைச் சொன்னதும் கேட்பவர் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு ஊறிப்போன என் விரல்களைப் பார்ப்பார், பிறகு "மீனுக்குத்தானே?" என்று தானே திருத்திக்கொள்வார். இல்லை, செடிக்குத்தான். மீனை நான் தொடுவதே இல்லை.

சிலாபத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் செடி வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு பண்ணையில் பதினொரு வருடம் தண்டு வெட்டினேன். பண்ணையை மூடியபோது வளைந்த கத்தரிக்கோல் ஒன்றும் முழ நீள இடுக்கி ஒன்றும் என்னோடு வந்துவிட்டன. இப்போது கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரைக்கும் ஸ்கூட்டியில் போய் வீடு, கடை, விடுதி என்று தொட்டிச் செடி பார்க்கிறேன். வெட்டிய தண்டுகள் மிதக்கும் தொட்டிக்கு முன்னால் ஈரக் கையோடு நின்று, "நல்லாத்தானே இருந்திச்சு, ஏன் வெட்டினீங்க?" என்ற கேள்விக்கு நீங்களும் ஒரு நாளாவது முழித்திருந்தால், கதிரையை இழுத்துப் பக்கத்தில் போடுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

பச்சை இலை, வெள்ளைத் தூள்

கற்பிட்டி வீதியில் வாகனத்தை மறித்து என்ன தேடுவார்கள் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்: கஞ்சா, போதைத் தூள். அன்று என் ஸ்கூட்டியில் இருந்தவை இவை: பொலித்தீன் பை நிறைய ஈரமான பச்சைத் தண்டுகள், மூன்று சின்னப் போத்தல்களில் வெள்ளைத் தூள், ஒரு குட்டி காஸ் சிலிண்டர், ஆளைக் குத்தக்கூடிய நீளத்தில் வளைந்த கத்தரிக்கோல். சோதனைச் சாவடியில் நின்ற பெடியன் பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அதிகாரி ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்தார். தூள் என்ன என்று சிங்களத்தில் கேட்டார். உரம் என்றேன். எதற்கு? இந்த இலைக்கு. இலையை எங்கே நடுவது? தண்ணீருக்குள். காஸ் எதற்கு? அதுவும் இலைக்குத்தான், மூச்சு விட. ஒவ்வொன்றும் உண்மை. ஒவ்வொரு உண்மைக்கும் அவருடைய முகம் இன்னும் கொஞ்சம் இறுகியது.

முக்கால் மணித்தியாலம் அங்கிருந்த மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். வெயிலில் தண்டுகள் வதங்குகிற கவலை எனக்கு. ஒரு வாளி தண்ணீர் கேட்டு வாங்கி, எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, காய்ந்த நுனிகளைக் கத்தரித்துக்கொண்டு இருந்தேன். அதிகாரி தூரத்தில் நின்று அதைப் பார்த்தபடி யாருக்கோ கோல் எடுத்துக் கதைத்தார். பிறகு வந்து, பின்பக்க அறைக்கு வரச் சொன்னார். கத்தரிக்கோலை வாளிக்குள் போட்டுவிட்டுப் போனேன். அங்கே சுவரோரம் ஒரு மீன் தொட்டி. அவர் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தணித்து, இந்தத் தடவை தமிழில் சொன்னது: "எங்கட செடி எல்லாம் மஞ்சளாகிக்கொண்டு போகுது. ஒண்டையும் மறைக்காமச் சொல்லுங்க, என்ன காரணம்?"

வேர் உயிரோடு இருக்கிறது

சிலாபத்தில் ஒரு பல் வைத்தியர், ஆட்கள் காத்திருக்கும் அறையில் பெரிய தொட்டி வைத்திருக்கிறார். பல் பிடுங்க வந்தவர்கள் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பயம் குறையும் என்பது அவருடைய எண்ணம். பழுப்பும் பச்சையுமாக அகன்ற இலை விடுகிற செடி அதில் அடர்ந்து போயிருந்தது. கடைகளில் அதைக் கிரிப்ட் என்போம். சனிக்கிழமை பின்னேரம் வைத்தியசாலை மூடிய பிறகு போய், எல்லாவற்றையும் கிளப்பி, வேரைப் பிரித்து, இடைவெளி விட்டு நட்டேன். அந்தச் செடிக்கு ஒரு குணம் உண்டு. இடம் மாற்றினால் கோபித்துக்கொண்டு இலை எல்லாவற்றையும் கரைத்துவிடும். வேர் சாகாது, இரண்டு மூன்று கிழமையில் புதிதாகத் துளிர்க்கும். இதை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் கோல் வந்தது. இலைகள் கண்ணாடி மாதிரியாகி, பிறகு கஞ்சி மாதிரியாகி, தொட்டி முழுக்க மிதக்கின்றனவாம். கடைவாய்ப்பல்லுக்கு வந்த ஓர் அம்மா அரை மணித்தியாலம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் இலக்கத்தைக் கூப்பிட்டபோது எழும்பி வீட்டுக்குப் போய்விட்டாவாம். ஓடிப்போனேன். ஒரு வேரைக் கிளப்பிக் காட்டினேன். டொக்டர் கையுறை மாட்டினார். நெற்றியில் லைட்டைக் கட்டினார். வாய்க்குள் விட்டுப் பார்க்கிற அந்தச் சின்னக் கண்ணாடியை எடுத்து வந்து, வேரின் அடிப்பக்கத்தை எல்லாக் கோணத்திலும் பார்த்தார். மெல்லத் தட்டியும் பார்த்தார்.

பதினேழாம் நாள் தளிர் வந்தது, இன்றைக்கு அந்தத் தொட்டி முன்னையதைவிட வடிவாக இருக்கிறது. ஆனால் அன்று நான், "வேர் உயிரோட இருக்கு டொக்டர், நோகாமப் பாத்துக்கொண்டாச் சரியாகீரும், கொஞ்சம் பொறுங்கோ" என்று சொன்னபோது அவர் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "இதே வசனத்தைத்தான் மிஸ் நானும் ஒவ்வொரு நாளும் ஆக்களுக்குச் சொல்றனான். அதாலதான் நம்ப ஏலாமல் கிடக்கு."

ஒரு ஏக்கருக்கு எத்தனை சொட்டு

வண்ணாத்திவில்லுவில் மஜீத் அண்ணன், எங்கள் பக்கத்து வழக்கில் மஜீத் நானா, உரக்கடை வைத்திருக்கிறார். எலுவன்குளத்தில் வயலும் உண்டு. முப்பது வருடமாக அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கு எந்தப் பயிருக்கு என்ன உரம், எப்போது போடுவது என்று சொல்லிக் கொடுப்பவர். அவர் கடையில் ஒரு தொட்டி வைத்தபோது செடி நட்டுக் கொடுத்தது நான். கிழமைக்கு ஒரு தடவை மூன்று சொட்டு விடுங்கள் என்று சொல்லி, சொட்டு விடும் குழாய் பூட்டிய போத்தல் ஒன்றைக் கொடுத்தேன். நானா போத்தலைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் கூரை வரைக்கும் உர மூடைகள். "மூணு சொட்டு" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவரை நான் அவமானப்படுத்திவிட்டேன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

பத்து நாள் கழித்துப் போனால் தண்ணீர் பால் மாதிரி. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு கை யூரியா போட்டாராம், வயலுக்குப் போடுகிறதில் இது தூசி என்று. ஸ்கூட்டியில் இருந்து இறங்கிய உடுப்போடு வேலையைத் தொடங்கினேன். கடையில் வேலை செய்கிறவர்கள் கிணற்றிலிருந்து வாளி வாளியாக இழுத்துத் தர, நானாவின் வீட்டுச் சமையல் சட்டிகளுக்கு மீன்களை வடிகரண்டியால் கோரி மாற்றி, மூன்று தரம் தண்ணீரைக் கொட்டி நிரப்பினேன். உரம் வாங்க வந்தவர்கள் மூடையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டு மீனில் ஐந்துதான் தப்பின. நானா ஒரு கதிரையில் உட்கார்ந்து, செத்ததை ஒவ்வொன்றாக எண்ணினார். மனிதர் உண்மையாகவே நொந்துபோயிருந்தார். உரத்தில் அவர் பிழை விட்டதாக அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

போகிற நேரம் மறுபடியும் சொன்னேன், மூன்று சொட்டு, நான்காவது சொட்டுக்கூட வேண்டாம் என்று. அவர் மேசையிலிருந்து பேனையும் பில் புத்தகமும் எடுத்தார், பின்பக்கத்தைத் திருப்பினார், கண்ணாடியைப் போட்டார். "சொட்டுக் கணக்கு எனக்கு மண்டையில ஏறுதில்ல தங்கச்சி. ஒரு ஏக்கர் தொட்டிக்கு எவ்வளவு எண்டு சொல்லுங்க, அதுல இருந்து நான் கொறச்சிக் கொறச்சி வாறன்."

வலையில் வந்த புல்

என் கணவர் அந்தோனி படகுக்காரர். அதிகாலையில் கரைக்கு வந்ததும் வலையில் சிக்கிய கடல்புல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டே திட்டுவார். வீட்டுக்கு வந்தால், பின்வளவில் பேசின் பேசினாக நான் தண்ணீர்ப் புல்லுக்கு உரம் போட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு வருடம் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போனார். ஒரு நாள், கல்யாண நாள் என்று நினைவு வந்ததோ என்னவோ, ஒரு கூடை நிறையக் கடல்புல்லை அலசிச் சுத்தமாக்கிக் கொண்டுவந்து எனக்கு முன்னால் வைத்தார். அது உப்புத் தண்ணீர்ச் செடி, என் தொட்டிகளில் வாழாது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தண்டாக நட்டு, உரமும் விட்டேன். மூன்றாம் நாள் வளவு முழுக்க நாற்றம். அந்தோனி பேசினுக்குப் பக்கத்தில் குந்தி, கறுத்துப்போன புல்லை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்: "கடல்ல இத்தனை வருசமாப் பிடுங்கி எறியிறன், ஒண்டும் ஆகேல்ல, நீ கவனிச்ச உடனே செத்துப்போச்சே."

வாசலில் வைத்த பேசின்

தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்கு மெக்டலின் அக்கா தன் வீட்டு அறைகளை யாத்திரிகர்களுக்குக் கொடுப்பா. வாசல் கூடத்தில் தொட்டி இருப்பதால், ஆட்கள் வருவதற்கு முதல் செடியை வெட்டி ஒழுங்காக்கித் தரச் சொன்னா. வெட்டி முடித்து, வெட்டிய தண்டுகளைக் கழுவி ஒரு வெள்ளைப் பேசினில் போட்டு, கேற்றடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் மாற்ற உள்ளே போனேன். அந்தத் தண்டுகள் கற்பிட்டியில் ஒரு விடுதித் தொட்டிக்கு. அன்று பின்னேரமே கொண்டுபோய் நடுவதாகச் சொல்லியிருந்தேன்.

வெளியில் வந்தால் கேற்றில் வரிசை. கோயிலுக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒரு தண்டை எடுத்து, நெற்றியில் ஒற்றி, கைக்குட்டை லேஞ்சியில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். முதலாவதாக எடுத்தவர் யார், ஏன் எடுத்தார் என்று இன்றைக்கும் தெரியாது. பேசின் காலி. வரிசையில் இன்னும் ஒன்பது பேர். முன்னால் நின்ற வயதானவர் மிகவும் தன்மையாக, முடிந்துவிட்டதா என்று சிங்களத்தில் கேட்டார். நீர்கொழும்பிலிருந்து விடிய வெள்ளெனவே வெளிக்கிட்டாராம். ஐயா, இது மீன் தொட்டியில் வெட்டிப்போட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவருடைய மற்றக் கையில் மடித்த லேஞ்சி தயாராக இருந்தது. உள்ளே போனேன். கத்தரிக்கோலை எடுத்தேன். அழகாக வெட்டி நிறுத்தியிருந்த செடியில் இன்னும் ஒன்பது தண்டு வெட்டிக் கொண்டுவந்து கொடுத்தேன். மெக்டலின் அக்காவின் தொட்டி அந்தத் திருவிழா முழுக்க மொட்டை. விடுதிக்காரருக்கு என்ன பொய் சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை.

அடுத்த திருவிழாவுக்கு அதே கேற்றடியில் ஒரு அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினா. பேச்சில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. "போன வருசம் தந்த இலையை அலுமாரிக்குள்ள பத்திரமா வச்சனான் மகள், காஞ்சு தூளாப் போச்சு. தண்ணிக்குள்ள வையுங்கோ எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

கூரையிலிருந்து ஒரு குரல்

புத்தளம் டவுனில் ஃபரீனாவின் வீடு. கணவர் நஸீர் கட்டாரில் வேலை. போவதற்கு முதல் அவரே பார்த்துப் பார்த்து ஒரு தொட்டி வைத்து, நடுவில் ரொட்டாலா என்கிற சிவப்புச் செடியைப் புதர் மாதிரி வளர்த்திருந்தார். கூடத்துக் கூரையில் ஒரு கெமரா. அதில் பார்க்கலாம், கதைக்கவும் செய்யலாம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் இரண்டரை மணிக்குத்தான் நான் வர வேண்டும் என்பது ஒப்பந்தம். அது அங்கே அவருக்குச் சாப்பாட்டு நேரம். முதல் நாள் நான் தொட்டிக்குள் கையை விட்டதும் தலைக்கு மேல் ஓர் ஆண் குரல், "இடது பக்கம், ரெண்டாவது தண்டு, கொஞ்சம் மேல" என்றது. கத்தரிக்கோலைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிட்டேன். பிறகு பழகிவிட்டது. கூரை சொல்லும், நான் வெட்டுவேன், ஃபரீனா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பா.

பள்ளிக்கூட விடுமுறைக்கு ஃபரீனா பிள்ளைகளோடு கற்பிட்டிக்கு உம்மா வீட்டுக்குப் போனா. வீட்டைப் பூட்டுகிற அவசரத்தில், பாதுகாப்புக்கென்று மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டா. லைட் இல்லை, தண்ணீரைச் சுற்றுகிற மோட்டர் இல்லை, கெமராவும் இல்லை. வீட்டில் ஆளில்லாதபடியால் கெமராவை நிறுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்து நஸீரும் கேட்கவில்லை. ஃபரீனா ஒன்பது நாள் கழித்து வந்து பார்த்தால் சிவப்புப் புதர் கறுத்து, அடியோடு அழுகிக் கிடந்தது. என்னைக் கூப்பிட்டு அழுதா. "அவருட உம்மா மௌத்தாகி ரெண்டு மாசம்தான் ஜெசிந்தா. மய்யத்த அடக்கவும் வரக் கிடைக்கல்ல. இந்தச் செடியப் பாத்துக்கிட்டுத்தான் சோறு திங்கிறாரு. இப்ப இதையும் எப்பிடிச் சொல்ற?" என்னிடம் அதே செடி பேசினில் இருந்தது, ஆனால் விரல் நீளம். புதராக இரண்டு மாதமாவது வேண்டும். அன்றைக்கே டவுனில் சிவப்பு பிளாஸ்டிக் செடி ஒன்று வாங்கி, கல்லுக்குள் ஊன்றி, மோட்டரைப் போட்டு, கெமராவையும் போட்டோம்.

செவ்வாய் வந்தது. இரண்டரைக்குக் கூரை பேசியது. "நடுவால கொஞ்சம் கொறைங்க தங்கச்சி." நான் ஃபரீனாவைப் பார்த்தேன். ஃபரீனா தரையைப் பார்த்தா. கத்தரிக்கோலை உள்ளே விட்டு, பிளாஸ்டிக்கை நறுக்கென்று வெட்டினேன். வெட்டிய துண்டு மிதந்தது, அதை மரியாதையாக எடுத்துப் பேசினில் போட்டேன். உரமும் விடச் சொன்னார். விட்டேன், வெறும் தண்ணீர். "இரும்புச் சத்து கொஞ்சம் கூட்டினா இன்னும் செவக்கும்" என்றார். கூட்டினேன். இப்படி ஏழு செவ்வாய்க்கிழமை. நாலாவது கிழமையில் பிளாஸ்டிக் முழுக்கக் கட்டையாகிப் போனதால், கெமராவில் ஒட்டடை அடிக்கிற சாட்டில் ஒரு துணியைப் போட்டு, அதைவிட ஒரு சாண் உயரமான இன்னொன்றை வைத்தோம். "ஒரு கெழமையில இவ்வளவு வளத்தியா?" என்று கூரை கேட்டது. "உரம் பிடிச்சிட்டு நானா" என்றேன். ஃபரீனா குசினிக்குள் ஓடிப்போய் வாயில் துணியைப் பொத்திக்கொண்டு சிரித்தா. அந்த வீட்டில் அவ சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தரம். பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நானும் குசினிக்குள் ஓட வேண்டி வந்தது. "என்ன சிரிப்பு அங்க?" என்று கூரை கேட்கும். "ஒண்டுமில்ல" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொல்லிக்கொண்டு வெளியே வருவோம்.

லீவு கிடைத்து வருகிறேன் என்று அவர் சொன்னபோது ஃபரீனாவுக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். அவர் வருவதற்கு முந்தின நாள் மறுபடியும் ஒட்டடை அடித்தோம். என் பேசினில் வளர்ந்த உண்மையான செடியை முப்பது தண்டு கொண்டுபோய் நட்டேன். பிளாஸ்டிக் அளவுக்கு அது சிவக்கவில்லை, உயரமும் காணாது. மூன்றாம் நாள் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். நஸீர் நானா, நான் நினைத்ததைவிடச் சின்ன உருவம். கூரையில் இருந்து கேட்ட குரல் பெரிதாக இருந்தது. தொட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, மோட்டர் தண்ணீரில் தண்டுகள் ஒன்றோடொன்று உரசி ஆடுவதைக் கனநேரம் பார்த்தார். ஃபரீனா சோறு போட்ட சகன் தட்டோடு கதவடியில் நின்றுவிட்டா. அவர் திரும்பாமலே, கண்ணாடியில் விரலை வைத்தபடி சொன்னார்: "பிளாஸ்டிக் இப்பிடி ஆடாது தங்கச்சி, மொத நாளே எனக்கு விளங்கிட்டு. கேப்பம் கேப்பம் எண்டு இருக்கக்குள்ள குசினியில சிரிப்புச் சத்தம் கேட்டிச்சு. கேட்டா ரெண்டு பேரும் சிரிக்கிறத நிப்பாட்டிருவீங்க எண்டுதான், வெட்டுங்க வெட்டுங்க எண்டு சொல்லிக்கிட்டிருந்தன்."

இத்தனை வருடத்தில் ஒரு செடிகூட என்னிடம் ஒரு வார்த்தை கதைத்ததில்லை என்பது இந்தத் தொழிலில் எனக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு.